பிரசங்க பீடம் தொடாத இடம்: செம்பாக்கம் வட்டாரக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆயுத பூஜை நெருங்கினால் செம்பாக்கம் வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. அலுவலகத்தில் கொடுக்கும் பொரியையும் பொட்டுக்கடலையையும் வாங்கலாமா, வாங்கினால் சாப்பிடலாமா? நவராத்திரியில் அடுத்த வீட்டு மாமி கொலுவுக்கு அழைத்தால் பிள்ளைகளை அனுப்பலாமா? அனுப்பினால், அவர் பாசத்தோடு கொடுத்துவிடும் சுண்டலை என்ன செய்வது? வாலிபர் கூட்டங்களில் இதைப் பற்றி நெடுநேரம் பேசுகிறார்கள். கேள்வி அற்பமானதல்ல. கொரிந்து பட்டணத்துச் சபையாரும் படைக்கப்பட்ட இறைச்சியைப் பற்றி இதே கேள்வியோடுதான் தவித்தார்கள். பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8ஆம், 10ஆம் அதிகாரங்கள் அதற்குச் சொன்ன பதில். மனசாட்சிக்கு அஞ்சி ஒரு சிறுமி சுண்டலை வேண்டாம் என்று பணிவாகச் சொன்னால், அந்த உறுதியை மதிக்கத்தான் வேண்டும்.

வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. விக்கிரகத்தைத் தேடும் கண் அடுத்த வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட்டுகளும் சந்திக்கும் இடங்களில் அது இன்னும் சற்றுத் தள்ளிப்போய்ச் சுரூபங்களில் முடிகிறது. சுரூபத்துக்குச் செலுத்தும் வணக்கம் வேறு, கடவுளுக்கே உரிய ஆராதனை வேறு என்று 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் வகுத்தது. அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இந்த வட்டாரத்தில் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். அந்த வழக்கை இம்மடல் எடுக்கவில்லை. இரு தரப்பாரும் எந்தச் சண்டையும் இல்லாமல் பொதுவில் வைத்திருக்கும் விக்கிரகங்களைப் பற்றியே இங்கே பேச்சு.

வேதாகமத்தில் இதற்குப் பொருத்தமான சம்பவம் எசேக்கியா ராஜாவுடையது. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பிழைக்கும்படி வெண்கல சர்ப்பத்தைச் செய்யச் சொன்னவர் கடவுள். செய்தவர் மோசே. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு மக்கள் அதற்கே தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அதை உடைத்துப் போட்டார். அந்நியரிடமிருந்து வந்த சிலை அது இல்லை. கடவுள் கொடுத்த நன்மைதான் கடவுளின் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. குடும்பம், குலம், வீடு, பிள்ளைகளின் படிப்பு, போதகர், வேதவசனம் என்று இன்று அந்த இடத்தில் உட்காரக்கூடியவை எல்லாமே நல்லவைதான். ஆகவே அவை கண்ணில் படுவதில்லை.

அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிரசங்க பீடம் எதைத் தொடத் தயங்குகிறது என்று கவனிக்க வேண்டும். குடியைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் கைப்பேசியைப் பற்றியும் எந்தச் சபையிலும் தாராளமாகப் பேசலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எந்த விஷயத்தை எடுத்தால் மூப்பர்களின் முகம் மாறும், கமிட்டிக்குத் தொலைபேசி அழைப்பு போகும், காணிக்கை குறையும் என்று ஐயருக்கோ பாஸ்டருக்கோ ஃபாதருக்கோ தெரியும். அவர் தாண்டிப்போகும் அந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

இந்தத் தேடலுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. செம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, கிழக்குத் தாம்பரத்தில், ஜார்ஜ் டவுனிலிருந்து 1937இல் இடம்பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்தப் புதிய வளாகத்தில் சர்வதேச மிஷனெரி கவுன்சிலின் உலக மாநாடு கூடியது. முதலில் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடப்பதாக இருந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் இடம் மாறியது. ஜான் ஆர். மோட் தலைமையில், சுமார் 70 நாடுகளிலிருந்து 470 பேர் அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். போரில் இருந்த சீனாவும் ஜப்பானும் பேராளர்களை அனுப்பியிருந்தன. ஜப்பானியக் கிறிஸ்தவத் தலைவர் ககாவா வந்திருந்தார். ஜெர்மானியரும் வந்திருந்தார்கள். தூத்துக்குடிச் சீமையில் பிறந்த பேராயர் அசரியாவும் இலங்கைத் தமிழரான இளைஞர் டி. டி. நைல்ஸும் இருந்தார்கள். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுத்துலி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தார்.

பிற சமயங்களைக் கிறிஸ்தவர் எப்படிப் பார்ப்பது என்பது பற்றி டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமருக்கும் செஞ்சையா, சக்கரை போன்ற சென்னைச் சிந்தனையாளர்களுக்கும் இடையே எழுந்த விவாதத்துக்காகவே இறையியல் வகுப்புகளில் அந்த மாநாட்டை நினைவுகூர்கிறார்கள். அதே மாநாட்டின் மீது வேறொரு நிழலும் விழுந்திருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், 1938 நவம்பர் 9 இரவு, ஜெர்மனியில் யூதர்களின் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன. கொளுத்திய நாட்டின் பெரும்பான்மையினர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். இனத்தையும் தலைவரையும் சபைக்குள் கொண்டுவந்து வைத்தவர்களை மறுத்து, கிறிஸ்துவே சபையின் ஒரே ஆண்டவர் என்று 1934இல் பார்மென் நகரில் அறிக்கை வெளியிட்டவர்கள் அங்கே சிறுபான்மையினர்தான். மனிதர்கள் இனத்தையும் தேசத்தையும் வர்க்கத்தையும் முழுமுதலாக்கிக்கொள்ளும் ஆபத்தைக் கிரேமரே தம் நூலில் எழுதியிருந்தார். தேவாலயங்களில் கொடி ஏறியபோது ஜெர்மன் சபையார் பலருக்கு அது விக்கிரகமாகத் தெரியவில்லை, தேசப்பற்றாகத் தெரிந்தது.

லுத்துலியின் நாட்டுக் கதை தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. கேப் பகுதியின் டச்சுச் சீர்திருத்தச் சபை 1857இல் ஒரு தீர்மானம் எடுத்தது. கறுப்பின விசுவாசிகளும் வெள்ளையரும் சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாக நடத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. அந்தச் சலுகை தனிச் சபைகளாக வளர்ந்தது. பிறகு அரசின் இனஒதுக்கலுக்கே வேத ஆதாரம் தேடிக் கொடுத்தது. இனஒதுக்கலை இறையியலால் நியாயப்படுத்துவது மதப்புரட்டு என்று உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவில் அறிவித்தது 1982இல். சிலருடைய பலவீனம் என்று மென்மையாகப் பேரிட்டதை அதன் உண்மைப் பெயரால் அழைக்க 125 ஆண்டுகள் ஆயின.

தமிழ்ச் சபைக்கும் அதே போல ஒரு பலவீனம் உண்டு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்றார். அதுவரை சாதி வாரியாகத் தனி இருக்கையும் திருவிருந்தில் முன்பின் வரிசையும் பல சபைகளில் வழக்கமாக இருந்தன. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும் பக்திப் புலவரே சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்களில் ஒருவர். இதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்த அல்ல. அவருடைய பாடல்களில் உள்ள பக்தி மெய்யானது. மெய்யான பக்தியோடு ஒரே நெஞ்சில் இன்னொன்றும் குடியிருக்க முடியும் என்பதுதான் அச்சம் தருகிறது.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் 1872இல் கட்டப்பட்டபோது, பீடம் ஒன்று, நடுவே தடுப்பிட்ட மண்டபம் இரண்டு என்று கட்டினார்கள். ஒரு சாதியார் மற்றவர் முகம் பாராமல் ஒரே பலியில் பங்குபெறலாம். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். தனி இடம் தங்கள் உரிமை என்று ஒரு தரப்பார் வழக்குத் தொடுத்தார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சபைக்குள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம் என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது! பழங்கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து இறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். அது தவக்காலம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதியைப் பிரிக்க எழுப்பிய சுவர் செய்திகளில் அடிபட்டதும் இந்த நூற்றாண்டில்தான்.

செம்பாக்கத்தில் இப்படிச் சுவர் ஏதும் இல்லையே என்று வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். உண்மைதான். நாசரேத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேலூரிலிருந்தும் செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்தும் வேலைக்காக வந்தவர்கள் இங்கே ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள், ஒரே பாத்திரத்தில் பருகுகிறார்கள். நெல்லைப் பக்கத்துச் சபைகளிலிருந்து வந்தவர்களுக்கு அசனத்தின் அருமை தெரியும். ஊரே கூடிச் சமைத்து, பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் அந்த விருந்தில் சமத்துவம் வாய்க்கே ருசித்தது. சென்னை மிஷனெரி மாநாடு 1850இல் சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது, சாதியை விட்டதற்கு அடையாளமாகக் கேட்டதும் சேர்ந்து சாப்பிடுவதைத்தான். பந்தியில் சாதி பெருமளவு தோற்றுவிட்டது. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம்.

தோற்றது எங்கே போய் ஒளிந்தது என்றால், கல்யாணத்தில். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமக்கள் தேவை பகுதியைப் புரட்டினால் போதும். மறுபடியும் பிறந்தவர், ஞானஸ்நானம் பெற்றவர், ஊழியத்தில் ஆர்வமுள்ளவர் என்று அடுக்கிவிட்டு, வரியின் தொடக்கத்திலோ முடிவிலோ சாதிப் பெயர் அச்சாகியிருக்கும். கிறிஸ்தவத் திருமணத் தகவல் தளங்களில் சபைப் பிரிவுக்கு ஒரு கட்டம், சாதிக்கு ஒரு கட்டம். சபைப் பிரிவில் பெற்றோர் விட்டுக்கொடுப்பார்கள். சி.எஸ்.ஐ. பெண்ணுக்குப் பெந்தெகொஸ்தே மாப்பிள்ளை என்றால், முழுக்கு ஞானஸ்நானம் பற்றிப் பேசித் தீர்த்துவிடலாம். சாதி மாறினால் உபவாச ஜெபம் தொடங்கிவிடும். பிள்ளையின் மனதைக் கர்த்தர் மாற்ற வேண்டும் என்று ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுப்பார்கள். ஜெபக் குழுவும் கேள்வியின்றி அதற்காக ஜெபிக்கும். எந்தத் தெய்வத்திடம் போகிறது அந்த ஜெபம்? ஆபிரகாம் தம் சொந்த இனத்தாரிடமிருந்தே மகனுக்குப் பெண் கொண்டுவந்தாரே என்று சிலர் வசனம் காட்டுவார்கள். மோசே எத்தியோப்பிய தேசத்துப் பெண்ணை மணந்ததை மீரியாம் குறைகூறியபோது நடந்தது என்ன என்பதை எண்ணாகமம் 12இல் அவர்களும் வாசித்தவர்கள்தான்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று பட்டியல் சாதியினர் பட்டியலில் இடம் மறுக்கப்பட்டு, தலித் கிறிஸ்தவர்கள் 1950ஆம் ஆண்டின் ஆணைக்கு எதிராக இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரர் அவர்களோடு மனு எழுதிக் கையெழுத்தும் போடுவார். மகளுக்கு வரன் பார்க்கும்போது அவர்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். இந்த வட்டாரத்தின் எத்தனை பீடங்களில் இதைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

அடுத்தது நிலமும் வீடும். பேராசை விக்கிரக ஆராதனையே என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். செம்பாக்கம் நகராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே வயலும் புறம்போக்கும் மனைகளாகிவிட்டன. எபிநேசர், பெத்தேல், யெகோவா யீரே என்று பெயர்ப்பலகை தாங்கிய வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பாடுபட்டுச் சேர்த்துக் கட்டிய வீட்டை நன்றியோடு பிரதிஷ்டை செய்வதில் குற்றமில்லை. ஆனால் அந்த மனையை வாங்கியபோது பத்திரத்தில் எழுதியது ஒரு தொகை, ரொக்கமாகக் கைமாறியது வேறொரு தொகை என்றால், கிரகப் பிரதிஷ்டைக்கு வந்த போதகர் எதை ஆசீர்வதித்தார்? அந்த வீட்டுக் கழிவுநீர் மழைநீர்க் கால்வாய் வழியாகச் செம்பாக்கம் ஏரிக்குப் போனது என்றால்? அந்த ஏரியைச் சீராக்க நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டியதாயிற்று. ஏரியின் நீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வரை போகிறது. தசமபாகம் எவ்வளவு என்று கேட்கும் சபை, மீதி 90 சதவீதம் எப்படி வந்தது, எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

நகை அணியாத சபையாரும் இதில் தங்களை விலக்கிக்கொள்ள வேண்டாம். இரும்புலியூரில் தலைமையிடம் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் உட்பட, இந்தப் பகுதியில் பொன் அணியாத மரபு வலுவாகவே இருக்கிறது. எளிமைக்காகத் தொடங்கிய நல்ல மரபு அது. கழுத்தில் ஏறாத பொன் பெட்டகத்தில் பத்திரமாகவும் வைப்புநிதிச் சீட்டாகவும் உருமாறியிருக்கிறதா என்பதை அவரவர் மட்டுமே சோதித்தறிய முடியும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகும்போது எழும் கைதட்டலில் கடவுளுக்குரியது எவ்வளவு, ஏலம் எடுத்தவருக்குரியது எவ்வளவு என்பதும் அப்படித்தான். வீட்டில் உலை வைக்குமுன் பெண்கள் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியால் வளர்ந்த தமிழ்ச் சபைகள் உண்டு. அந்த அரிசிக்கு யாரும் கைதட்டியதில்லை.

வேதவசனமே தாயத்தாவதும் நடக்கிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறார்கள். வேதவசனத்தைச் சீட்டாக எடுத்து நாளுக்கொன்றாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் வாழ்ந்த மொரேவிய சபையார் பரப்பினார்கள். அவர்களுடைய தினவசன நூல் 1731 முதல் அச்சாகிவருகிறது. போர்க்களத்தில் காவலர்கள் பெறும் அன்றைய அடையாளச் சொல் போல, அன்றைக்குக் கீழ்ப்படிய வேண்டிய சொல்லாகவே அதை அவர்கள் கொண்டார்கள். இங்கே அட்டையில் பெருகுதலும் உயர்வும் வந்தால் மகிழ்ச்சி. மனந்திரும்பு என்று ஒரு வசனம் வந்தால் முகம் வாடுகிறது. ஆகவே அப்படிப்பட்ட வசனங்களை அச்சடிப்பவர்களே விட்டுவிடுகிறார்கள். வியாதியஸ்தருக்காக மூப்பர்கள் ஜெபித்துப் பூசும்படி யாக்கோபு சொன்ன எண்ணெய், ஜெபித்த எண்ணெய் என்று குப்பியில் வந்து தேர்வு அனுமதிச் சீட்டில் தடவப்படுகிறது. ஏலியின் மகன்கள் உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போன நாளில் இஸ்ரவேலில் 30,000 பேர் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோனது. பெட்டி மெய்யானது, அதற்குள் இருந்த கட்டளைகளும் மெய்யானவை. அதைத் தூக்கிப் போனவர்கள் அந்தக் கட்டளைகளைத்தான் மீறிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஓய்வுநாள் பள்ளி வருகை குறைகிறது, பத்தில் நிற்கிறது, பன்னிரண்டில் நீட் பயிற்சி ஞாயிறு காலையை முழுதாக எடுத்துக்கொள்கிறது. ஓர் ஆண்டுதானே என்பார்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளை அந்த வீட்டில் எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பார்த்தால், அந்த வீட்டில் தீர்ப்பு சொல்வது யார் என்று தெரிந்துவிடும். வெளிநாட்டு விசா கிடைத்தால் சாட்சி சொல்ல மைக் கிடைக்கிறது. கிடைக்காதவர் சபையில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போதகரின் முகத்தைச் சிலுவையைவிடப் பெரிதாக அச்சிட்ட பேனர்கள் வேளச்சேரி சாலையோரம் நிற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லீஸ்திராவில் தங்களுக்குப் பலியிட வந்த கூட்டத்தைக் கண்டு பவுலும் பர்னபாவும் உடையைக் கிழித்துக்கொண்டு, தடுப்பதற்காக அதற்குள் ஓடினார்கள்.

போதகர்களைக் குறைசொல்வது எளிது. அவர்கள் ஏன் மௌனமாகிறார்கள் என்பதற்கு நியாயாதிபதிகள் புத்தகத்து மீகாவின் வீட்டில் பதில் இருக்கிறது. தாயிடம் திருடிய வெள்ளியில் ஒரு பங்கைக் கொண்டு செய்த விக்கிரகத்தை வீட்டில் வைத்திருந்தவர் மீகா. வேலை தேடி வந்த லேவியன் ஒருவனை, ஆண்டுக்குப் பத்து வெள்ளிக்காசும் துணிமணியும் சாப்பாடும் தருவதாகச் சொல்லி ஆசாரியனாக அமர்த்திக்கொண்டார். லேவியனே கிடைத்துவிட்டான், இனிக் கர்த்தர் நன்மை செய்வார் என்று நம்பினார். விக்கிரகத்தைப் பற்றி அந்த லேவியன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தாண் கோத்திரத்தார் வந்து பெரிய இடம் தருகிறோம் என்றதும் விக்கிரகத்தையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு போய்விட்டான். காணிக்கையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தும் சுதந்திர சபைப் போதகருக்கும், கமிட்டியின் புகாரில் இடமாற்றம் ஆகக்கூடிய ஐயருக்கும் உள்ள நெருக்கடியைச் சபையாரே உண்டாக்கியிருக்கிறார்கள். அதைத் தளர்த்தும் பொறுப்பும் சபையாருடையது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டின் கடைசி இரவு வாக்குத்தத்த அட்டை எடுப்பதற்கு முன், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாருக்கும் வெற்றுச் சீட்டு ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். பிரசங்கத்தில் எந்த விஷயம் வரக்கூடாது என்று உள்ளம் விரும்புகிறதோ அதைப் பெயர் போடாமல் எழுதிக் காணிக்கைப் பையில் போடுங்கள். அதிகம் பேர் எழுதிய விஷயத்தைப் பற்றி அடுத்த ஞாயிறு ஐயரோ பாஸ்டரோ ஃபாதரோ வேதத்தைத் திறந்து பேசட்டும். அதற்குப் பிறகு அவரை மாற்றச் சொல்லிப் பேராயருக்கோ மூப்பர்களுக்கோ கடிதம் போனால், அவருக்காக நிற்கிறோம் என்று பதில் கடிதம் எழுதி, அதில் உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுங்கள்.